பற்றாக்குறை யாருடையது?

'திறமையாளர்கள் கிடைப்பதில்லை' என்ற கணினித் துறையின் புலம்பலை நாம் இருபது ஆண்டுகளாகக் கேட்டு வருகிறோம். இந்தியப் பொறியியல் பட்டதாரிகளில் நான்கில் ஒருவரே பன்னாட்டு நிறுவனங்களுக்கு ஏற்றவர் என்று 2005இல் நாஸ்காம்-மெக்கின்ஸி அறிக்கை சொன்னது. அன்று முதல் குற்றவாளிக் கூண்டில் நிற்பது மாணவனும் அவன் படித்த கல்லூரியுமே. வழக்குத் தொடுத்தவரை எவரும் குறுக்கு விசாரணை செய்ததில்லை.

வடசேரியில் நின்று அதைச் செய்து பார்க்கலாம். பரதநாட்டியக் கலைஞர்கள் அணியும் கோயில் நகைகளுக்குப் பேர்பெற்ற ஊர் இது. புவிசார் குறியீடு பெற்ற தொழில். வெள்ளியில் வடிவமைத்துக் கல் பதிக்கும் அந்த வேலையைச் சிறுவன் ஒருவன் மூத்தவர் அருகிலிருந்தே ஆண்டுக்கணக்கில் கற்றான். தொழிலாளியை உருவாக்குவதும் தொழிலின் ஒரு பகுதி என்பது பட்டறை அறிந்த நியாயம். பட்டறையை நாம் பொற்காலமாக்க விரும்பவில்லை. சாதிக்குள்ளும் குடும்பத்துக்குள்ளும் அடைபட்ட கல்வி அது. பிள்ளைகள் பொறியியலை நாடியதில் வியப்பில்லை. ஆனால் அவர்கள் நாடிச் சென்ற துறை அந்த நியாயத்தையேனும் ஏற்கிறதா?

தொடக்கநிலைப் பட்டதாரிக்குச் சில மாதப் பயிற்சி உண்டு, மறுக்கவில்லை. அதன் பிறகு? 2025 ஜூலையில் டாடா கன்சல்டன்சி நிறுவனம் ஏறத்தாழ 12,000 பேரை, அதாவது தன் பணியாளரில் 2 விழுக்காட்டினரை, விலக்கப்போவதாக அறிவித்தது. பெரும்பாலோர் இடைநிலையிலும் மேல்நிலையிலும் இருந்தவர்கள். செயற்கை நுண்ணறிவு காரணமல்ல, திறன் பொருத்தமின்மையே காரணம் என்றார் அதன் தலைமை அதிகாரி. நல்லது. ஆண்டுக்கணக்கில் உங்களிடமே உழைத்தவரின் திறன் பொருந்தாமற் போனால், அது எந்தக் கல்லூரியின் குற்றம்?

இன்னொன்று. வடசேரிச் சந்தையில் ஏத்தங்காய் வரத்துக் குறைந்தால் விலை ஏறும். திறமை மெய்யாகவே அரிதானால் அதன் விலையும் ஏற வேண்டுமல்லவா? பெருநிறுவனங்களின் தொடக்கச் சம்பளமோ பத்தாண்டுகளுக்கும் மேலாக ஆண்டுக்கு மூன்று, மூன்றரை லட்சத்தைச் சுற்றியே நிற்கிறது. இதற்கிடையே பயிற்சிச் செலவைப் பெற்றோரின் கல்விக்கடனும், 2022இல் தொடங்கிய 'நான் முதல்வன்' போன்ற அரசுத் திட்டங்களும் சுமக்கின்றன. ஊரார் வீட்டு நெய்யில் தம் பெண்டாட்டிக்குக் கை பரிமாறுகிறது.

2024-25இல் கல்லூரிகளின் சேர்க்கை உச்சவரம்பையும் அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு தளர்த்திவிட்டது. நல்ல கல்லூரிகள் கணினிப் பிரிவை விரிக்கலாம்; வாசலில் கூட்டம் பெருகும்; சம்பளம் இன்னும் ஏறாது.

மாலைதோறும் வடசேரிப் பேருந்து நிலையத்தில் சென்னைக்கும் பெங்களூருக்கும் வண்டி ஏறும் பிள்ளைகளின் கையில் சான்றிதழ்க் கோப்பு இருக்கிறது. பின்னால் கடன் இருக்கிறது. அவர்களிடம் திறமைக்குக் கணக்குக் கேட்பவர்கள், முதலில் தம் கணக்கைக் காட்டட்டும்: ஐந்தாம் ஆண்டுப் பணியாளருக்கும் பதினைந்தாம் ஆண்டுப் பணியாளருக்கும் புதிதாய் எதைக் கற்பித்தீர்கள்? எவ்வளவு செலவிட்டீர்கள்? அதுவரை 'பற்றாக்குறை' என்ற சொல்லை நாம் நம்புவதற்கில்லை.