கிரிமெக் முதுகைச் சொறிந்தபோது

அறிவியலின் தத்துவம் என்றதும் நம் சிற்றிதழ்களில் ஐன்ஸ்டைன் வருகிறார், குவாண்டம் வருகிறது. பயில்வான்கள் வருவதில்லை. ஒரு கூற்றை எப்படிச் சோதிப்பது என்ற கேள்வியை, காசு கொடுத்து உட்கார்ந்த கூட்டத்தின் முன்னால் எதிர்கொண்டவர்கள் அவர்கள்.

1889இல் லண்டனில் சார்லஸ் சாம்சன் என்ற பலசாலி, தன் சாகசங்களை வேறொருவர் செய்துகாட்டினால் 500 பவுண்டு தருவதாக அறைகூவினார். யூஜின் சாண்டோ மேடையேறி வென்றார். பிரெஞ்சுப் பயில்வான் அப்போலோனின் ரயில் சக்கரங்கள் இன்னும் தெளிவான சான்று. எடை 166 கிலோ. அச்சின் தடிமனே பிடியைத் தோற்கடிக்கும். அப்போலோன் 1928இல் இறந்தார். 1930இல் பளுதூக்கும் வீரர் ரிகூலோ அந்தச் சக்கரங்களைத் தலைக்கு மேல் உயர்த்தினார், 1949இல் ஜான் டேவிஸ். ஆள் போனாலும் இரும்பு இருக்கிறது. சந்தேகம் உள்ளவர் தூக்கிப் பார்க்கலாம்.

எவ்வளவு தூக்கினார் என்பதற்குத் தராசு போதும். அந்த வலிமை எதனால் வந்தது என்பதற்குப் போதாது. சாண்டோ (நம் சின்னப்பா தேவரின் பெயருக்கு முன்னால் நிற்பவர் இவர்தான், 1904-05இல் இந்தியாவுக்கும் வந்தார்) தன் உடலைக் கனமான எடைகளால் வளர்த்தவர். மக்களுக்கு அவர் விற்ற முறையிலோ சிறிய டம்பெல்களும் மன ஒருமையும்தான் முதன்மை. பலன் கிடைத்தால் முறைக்குப் புகழ். கிடைக்காவிட்டால் பயின்றவர் மனம் ஊன்றவில்லை என்று சொல்லிவிடலாம். எது நடந்தால் உன் கோட்பாடு பொய் என்று ஒப்புக்கொள்வாய் என 1934இல் தத்துவவாதி கார்ல் பாப்பர் கேட்டது இத்தகைய கூற்றுகளைப் பார்த்துத்தான் கேட்க வேண்டியது.

ஆனால் பாப்பரோடு நின்றுவிட முடியாது. எந்தக் கருதுகோளும் தனியாகச் சோதனைக்கு வருவதில்லை, துணை அனுமானங்களின் கூட்டத்தோடுதான் வருகிறது என்று பிரெஞ்சு இயற்பியலாளர் பியர் டூயம் 1906லேயே எழுதிவிட்டார். தோல்விக்கு ஒரு காரணம் சொல்லித் தப்பிக்க நேர்மையான அறிவியலுக்கும் எப்போதும் வழி உண்டு.

அந்த வழி திறந்திருக்கும்போது என்ன செய்யலாம் என்பதற்கு எங்களுக்குப் பிடித்த உதாரணம் அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டு கல்லூரியில் நடந்தது. கனமான எடை தூக்கினால் தசை இறுகி, உடல் வளையாது, வேகம் போய்விடும் என்று அக்கால மருத்துவர்களும் விளையாட்டுப் பயிற்சியாளர்களும் உறுதியாக நம்பினார்கள். உடலியங்கியல் பேராசிரியர் பீட்டர் கார்பவிச்சும் அதே கருத்துடையவர். 1940இல் பளுதூக்கும் பயிற்சியாளர் பாப் ஹாஃப்மன் தன் வீரர்களை அங்கே அழைத்துவந்தார். அவர்களில் ஜான் கிரிமெக் அன்றைய அமெரிக்காவின் மிகச் சிறந்த உடற்கட்டு வீரர். முதுகின் நடுவில் சொறிந்துகாட்ட முடியுமா என்று கார்பவிச் கேட்டார். கிரிமெக் சொறிந்தார். பிறகு கால்களை இருபுறமும் விரித்துத் தரையோடு தரையாக அமர்ந்தார்.

கிரிமெக் பிறவியிலேயே விதிவிலக்கு என்று கார்பவிச் சொல்லியிருக்கலாம். டூயம் காட்டிய வாசல் திறந்தே இருந்தது. அவர் அதில் நுழையவில்லை என்பதுதான் எங்களை நெகிழச் செய்கிறது. தன் நம்பிக்கையை அளந்து பார்க்க முடிவு செய்தார். வில்லியம் சோர்பஸுடன் சேர்ந்து எடை தூக்கும் 300 பேரையும் தூக்காத 300 பேரையும் ஒரு கருவியின் பிடியைக் கையால் சுழற்றச் சொல்லி, வேகத்தைப் பதிவு செய்தார். 1951இல் முடிவு அச்சானது: எடை தூக்கியவர்களின் கைகளே வேகமாகச் சுழன்றன.

கிரிமெக் அன்று தந்தது ஓர் எதிர்ச்சான்று மட்டும். அதை அறிவாக்கியது அதன்பின் நடந்த பொறுமையான வேலை. பாடநூல்களில் பாப்பரைப் படிக்கும் நம் மாணவர்களுக்கு இந்த இரண்டாவது பகுதியை யாரும் சொல்வதில்லை என்பது எங்கள் வருத்தம். ஆய்வு வெளிவந்த பிறகும்கூடப் பல பயிற்சியாளர்கள் தங்கள் வீரர்களை நெடுங்காலம் பார்பெல் பக்கம் போகவிடவில்லை.