பெயிலில் வந்தவர் எந்தத் தெருவில் இருக்கிறார்?

போக்சோ வழக்கில் ஒருவருக்கு பெயில் கிடைத்தால் நம் ஊரில் இரண்டு பேச்சுதான் கேட்கும். "பெயிலே குடுத்துட்டாங்க, அப்போ கேஸு பொய்தான்" என்பது ஒன்று. "காசு பேசியிருக்கு" என்பது இன்னொன்று. இரண்டும் அவசரப் பேச்சு. பெயில் மனுவை விசாரிக்கும் நீதிபதி, குற்றம் செய்தாரா இல்லையா என்று தீர்ப்புச் சொல்வதில்லை. வெளியே விட்டால் ஓடிவிடுவாரா, சாட்சியைக் கலைப்பாரா, அந்தப் பிள்ளையை மிரட்டுவாரா என்றுதான் பார்க்கிறார். குற்றத்தின் கடுமையும் பிள்ளையின் வயதும் கணக்கில் சேரும்.

முகலிவாக்கம் வழக்கு நமக்கு மறந்திருக்காது. 2017 பிப்ரவரியில் ஒரு சிறுமி கொல்லப்பட்டாள். கைதானவர் மேல் குண்டர் சட்டம் பாய்ந்தது. செப்டம்பரில் உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. அவர் பெயிலில் இருந்தபோது, டிசம்பரில், அவருடைய தாயார் கொலையானார். அந்த வழக்கும் அவர் மேலேயே பதிவானது. பெயில் கொடுத்ததால்தானே இந்த நிலை என்று ஊரே கொதித்தது. அந்தக் கொதிப்பில் விசாரணை பறந்தது. அன்றைக்கு நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில் இருந்த செங்கல்பட்டு மகிளா கோர்ட், 2018 பிப்ரவரியிலேயே தூக்குத் தண்டனை விதித்தது. ஜூலையில் உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது.

2025 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது. சாட்சியங்கள் நிரூபிக்கப்படவில்லை, அவர் தரப்பு வக்கீலுக்குத் தயாராகப் போதிய அவகாசம் தரவில்லை என்றது. தாயார் கொலை வழக்கிலும் அவர் விடுதலையாகியிருந்தார். எட்டு வருடம் கழித்து அந்தச் சிறுமியைப் பெற்றவர்கள் கையில் என்ன இருக்கிறது? பெயில் மீது வரும் கோபத்தை விசாரணையின் வேகத்தில் தீர்த்துக்கொண்டால் இப்படித்தான் ஆகும். விசாரணை இல்லாமலே ஆளை உள்ளே வைக்கும் குண்டர் சட்டமும் ஒரு குறுக்குவழிதான். கடுமையான வழக்கில் 90 நாளுக்குள் குற்றப்பத்திரிகை தாக்கலாகாவிட்டால் பெயில் என்பது உரிமையாகிவிடும். நீதிபதியே விரும்பினாலும் மறுக்க முடியாது. கோபப்பட வேண்டிய இடம் அந்தத் தாமதம்தான்.

இன்னொரு இடமும் உண்டு: நிபந்தனைகள். 2015-ல் கடலூர் வழக்கு ஒன்றில், சிறுமியாக இருந்தபோது பாதிக்கப்பட்ட பெண்ணோடு சமரசம் பேசிப் பார்க்கச் சொல்லி, தண்டனை பெற்றவருக்கே இடைக்கால ஜாமீன் கொடுத்தது நம் உயர் நீதிமன்றம். அந்தப் பெண் முடியாது என்றார். இத்தகைய வழக்கில் சமரசத்துக்கே இடமில்லை என்று உச்ச நீதிமன்றம் இன்னொரு வழக்கில் சொன்ன பிறகு, அந்த உத்தரவு திரும்பப் பெறப்பட்டது. மத்தியப் பிரதேசத்தில் ஒரு நீதிபதி, பெயில் கேட்டவரைப் பாதிக்கப்பட்ட பெண்ணிடம் போய் அவர் கையால் ராக்கி கட்டிக்கொள்ளச் சொன்னார்! 2021 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்து, பெயில் நிபந்தனை எதுவும் இருவரையும் சந்திக்க வைப்பதாக இருக்கக் கூடாது என்றது.

இங்கே ராக்கி யாரும் கட்டச் சொல்வதில்லை. "தினமும் காலை 10.30 மணிக்கு ஸ்டேஷனில் கையெழுத்துப் போட வேண்டும்" என்பதுதான் வழக்கமான நிபந்தனை. பிள்ளையார்பாளையம் போன்ற நெசவாளர் தெருவை நினைத்துப் பாருங்கள். விடிகாலையில் தெருவில் பாவு நீட்டினால் நாலு வீட்டுக்காரர்கள் கூடி நிற்பார்கள். இந்த வழக்குகளில் சிக்குகிறவர் பெரும்பாலும் தெரிந்தவர்தான். அதே தெருவாகவும் இருக்கலாம், அதே தறி வீடாகவும் இருக்கலாம். உள்ளூர் ஸ்டேஷனில் கையெழுத்து என்றால் அவரை இந்த ஊரிலேயே இருக்கச் சொல்வதாகத்தானே அர்த்தம்? வெளியூரில் தங்கிக் கையெழுத்துப் போடச் சொல்லி உத்தரவிட நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. அப்படி உத்தரவிட்டும் இருக்கிறார்கள். ஆனால் யாராவது கேட்க வேண்டும்.

கேட்கவும் வழி இருக்கிறது. 16 வயதுக்குட்பட்ட சிறுமி மீதான பாலியல் வன்கொடுமை வழக்கில், 2018 சட்டத்திருத்தத்துக்குப் பிறகு முன்ஜாமீன் கிடையாது. அந்த வழக்கின் பெயில் மனு விசாரணையில் புகார் கொடுத்தவரோ அவர் சார்பில் ஒருவரோ இருந்தே ஆக வேண்டும். பெயில் மனு போட்டதையும் ஆள் வெளியே வந்ததையும் குடும்பத்துக்குச் சொல்லும் பொறுப்பை, 2020 போக்சோ விதிகள் போலீஸிடம் ஒப்படைத்திருக்கின்றன.

எனவே கோர்ட் நோட்டீஸ் வந்தால் வாங்கி மடித்து வைத்துவிடாதீர்கள். ஒரு நாள் தறி நின்றால் கூலி போகும், தெரியும். ஆனாலும் போங்கள். வக்கீலுக்குப் பணம் இல்லையென்றால் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் கேளுங்கள், இலவசமாகவே தருவார்கள். பெயில் கேட்பவர் இருப்பது எங்கள் தெரு, எங்கள் பிள்ளை பள்ளிக்கூடம் போவது இந்த வழி, அவரை வெளியூரில் இருக்கச் சொல்லுங்கள் என்று நீதிபதியிடம் சொல்லுங்கள்.