சூடு ஆறுவதற்குள்

பழைய காருக்கு வரும் கோளாறுகளில் மெக்கானிக்கை அதிகம் ஏமாற்றுவது, சூடானதும் நின்றுவிடும் கோளாறுதான். காலையில் ஒரே செல்ஃபில் எடுக்கும். அரை மணி, முக்கால் மணி நேரம் ஒழுங்காக ஓடும். பிறகு இரண்டு தடவை விக்கி அணைந்துவிடும். பானெட்டைத் திறந்து வைத்து ஒரு டீ குடித்துவிட்டு வந்தால், ஒன்றுமே நடக்காத மாதிரி கிளம்பும். ஷெட்டுக்குப் போய்ச் சேரும்போது ஒரு குறையும் இருக்காது. "நல்லாத்தான சார் ஓடுது?" என்பார் மெக்கானிக். அவர் மேல் தப்பில்லை.

என் சித்தப்பாவின் அம்பாசடர் இப்படித்தான் ஆளைப் படுத்தியது. 1987 மாடல் மார்க் ஃபோர், 1489 சிசி பெட்ரோல் வண்டி. அவர் இருப்பது ஆரணியில். பட்டுக்குப் பேர்போன ஆரணி இல்லை. பெரியபாளையத்துக்குப் பக்கத்தில், ஆரணியாற்றங்கரையில் இருக்கிற ஆரணி. ஆடி ஞாயிற்றுக்கிழமையில் அந்த ரோட்டில் கார் ஓட்டியவர்களுக்கு மேற்கொண்டு சொல்ல வேண்டாம். பவானியம்மன் கோயிலுக்குப் போகும் வேன், ஆட்டோ, டிராக்டர் எல்லாவற்றுக்கும் பின்னால் முதல் கியரிலேயே ஊர வேண்டும். கண்ணாடியை இறக்கினால் வேப்பிலை வாசனையும் கிளட்ச் தீயும் வாசனையும் கலந்து வரும். இன்ஜின் மெதுவாகச் சுற்றினால் ஃபேனும் மெதுவாகத்தான் சுற்றும். ரேடியேட்டருக்குக் காற்று போதாது. இந்த வண்டியில் கார்பரேட்டர் உட்கார்ந்திருப்பது சைலன்சர் மேனிஃபோல்டுக்கு நேர் மேலே. போதாக்குறைக்கு ஆடி வெயில்.

அதனால் சூடுதான் காரணம் என்று எல்லோரும் முடிவு கட்டிவிட்டார்கள். ஒருவர் காயிலை மாற்றினார். இன்னொருவர் கார்பரேட்டரைப் பிரித்துக் கழுவினார். மூன்றாமவர், "ஏர் லாக் சார், ஏ.சி. பம்ப் போச்சு" என்று புது பெட்ரோல் பம்ப் போட்டார். ஒவ்வொரு தடவையும் சாயங்காலம் வெயில் தாழ்ந்த பிறகு டிரயல் பார்த்தார்கள். ஒவ்வொரு தடவையும் பாஸ்.

மூவர் சொன்னதிலும் நியாயம் உண்டு. காயிலுக்குள் இருப்பது செப்புக் கம்பிச் சுற்று. செம்புக்குச் சூடு ஒரு டிகிரி ஏறினால் மின்தடை ஏறத்தாழ 0.4 சதவீதம் ஏறும். அறுபது டிகிரி ஏறினால் கிட்டத்தட்ட கால் பங்கு கூடிவிடும். நல்ல காயில் அதைத் தாங்கும். உள்ளே இன்சுலேஷன் நைந்த காயில் தாங்காது, ஆறியதும் சரியாகிவிடும். கண்டன்சரும் அதே ஜாதி. பெட்ரோல் பைப்பும் பம்பும் சூடேறினால் பெட்ரோல் உள்ளேயே ஆவியாகி, பம்ப் வெறும் ஆவியை அமுக்கிக்கொண்டிருக்கும். பழைய டிரைவர்கள் பம்பின் மேல் ஈரத்துணி போடுவது இதற்காகத்தான். அந்த வைத்தியத்தை நான் கிண்டல் செய்ய மாட்டேன். ஆனால் பதற்றத்தில் பம்ப் மேலும் காயில் மேலும் சேர்த்தே தண்ணீரை ஊற்றிவிடுகிறார்கள். வண்டி எடுத்துவிடும், எதனால் எடுத்தது என்பது தெரியாமல் போய்விடும். முதலில் ஒன்றின் மேல் மட்டும் போட்டுப் பார்த்திருந்தால், ஒரு கைக்குட்டையே பாதி விடையைச் சொல்லியிருக்கும்.

சித்தப்பாவின் எதிர்வீட்டுக்காரர் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஓர் இரும்பு ஆலையில் மெயின்டனன்ஸ் எலக்ட்ரீஷியனாக இருந்து ஓய்வு பெற்றவர். கார் மெக்கானிக் அல்ல. சூடேறியதும் மோட்டார் டிரிப் ஆவதைப் பார்த்துப் பார்த்தே காலம் தள்ளியவர். கதையை முழுக்கக் கேட்டுவிட்டு அவர் சொன்னது இதுதான்: "சூடானா நிக்குதுன்னு நீங்களா சொல்றீங்க சார். ரொம்ப நேரம் ஓடினா நிக்குது, அவ்வளவுதான் நமக்குத் தெரியும்."

இரண்டும் ஒன்றில்லை. பெட்ரோல் திருட்டுக்குப் பயந்து பூட்டுப் போட்ட டேங்க் மூடி வாங்கி மாட்டுகிறோம். அதில் காற்றுத் துளை இல்லையென்றால், பெட்ரோல் குறையக் குறைய டேங்குக்குள் வெற்றிடம் உண்டாகி, பம்பால் இழுக்க முடியாமல் போகும். இதுவும் அரை மணி கழித்துத்தான் காட்டும். இதற்கும் வெயிலுக்கும் சம்பந்தமில்லை. வண்டி நின்றதும் மூடியைத் திறந்தால் 'புஸ்' என்று காற்று உள்ளே போகும் சத்தம் கேட்கும். செலவே இல்லாத சோதனை. சித்தப்பாவின் வண்டியில் சத்தம் வரவில்லை.

அடுத்து கரண்ட்டா, பெட்ரோலா என்ற கேள்வி. கேட்க வேண்டிய இடம் ஷெட் அல்ல. வண்டி செத்துக் கிடக்கிற ரோடு, அதுவும் முதல் ஐந்து நிமிஷத்துக்குள். எதிர்வீட்டுக்காரர் ஒரு சின்ன டேஷ்போர்டு பல்பை எடுத்து, ஒரு ஒயரைக் காயிலிலிருந்து டெல்கோவுக்கு, அதாவது டிஸ்ட்ரிபியூட்டருக்கு, போகும் முனையிலும், இன்னொன்றை பாடியிலும் கொடுத்து, பல்பை ஜன்னல் வழியாக ஸ்டியரிங் பக்கத்தில் கொண்டுவந்து கட்டினார். இன்ஜின் ஓடும்போது டெல்கோவுக்குள் காயிலின் கரண்ட்டை விட்டு விட்டுத் துண்டிக்கும் பாயிண்ட் மூடித் திறப்பதற்கேற்ப பல்ப் துடித்துக்கொண்டே இருக்கும். நின்ற பிறகு செல்ஃப் அடித்தால் மூன்றில் ஒன்று நடக்கும். பல்ப் துடிக்கிறது, ஆனால் பிளக்கில் பொறி இல்லையென்றால் காயிலையோ கண்டன்சரையோ சந்தேகப்பட வேண்டும். பல்பே எரியாவிட்டால் சாவியிலிருந்து காயிலுக்குக் கரண்ட் வரவில்லை, அல்லது கண்டன்சர் ஷார்ட். துடிக்காமல் நிலையாக எரிந்தால், கரண்ட் காயிலைத் தாண்டி வருகிறது, பாயிண்ட் வழியாக எர்த்துக்குப் போக வழியில்லை என்று அர்த்தம்.

புதுவாயல் தாண்டி வண்டி நின்றது. பல்ப் நிலையாக எரிந்தது.

டெல்கோ மூடியைக் கழற்றினோம். பாயிண்ட் சுத்தம், இடைவெளி 15 தௌ (அங்குலத்தில் ஆயிரத்தில் 15 பங்கு), சரியாக இருந்தது. உள்ளே பாயிண்ட்டுக்குப் போகும் விரல் நீள ஒயர், பார்வைக்குப் புதுசு மாதிரி. அவர் நகத்தால் மெல்ல இழுத்தார். உறை மட்டும் ரப்பர் மாதிரி நீண்டது. வேக்குவம் அட்வான்ஸ் தட்டு அசையும்போதெல்லாம் அந்த ஒயரும் வளைந்து வளைந்து, உள்ளே இழைகள் எல்லாம் அறுந்துபோயிருக்கின்றன. குளிர்ந்திருக்கும்போது முனைகள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கும். சூட்டில் உறை இளகி நீண்டதும் விலகிவிடும். சூடும் காரணம்தான், ஆனால் யாரும் நினைத்த இடத்தில் இல்லை. காயிலும் பம்பும் வாங்கிய பணத்தில் அந்த ஒயரை ஒரு மூட்டை வாங்கலாம்.

இந்தப் பாயிண்ட் ஏற்பாடு சார்லஸ் கெட்டரிங் என்ற அமெரிக்கர் செய்தது. 1909-ல் டெல்கோ கம்பெனியைத் தொடங்கியவர்களில் ஒருவர் அவர். நூறு ஆண்டு தாண்டியும் இந்த வண்டிகளில் அதே ஏற்பாடுதான். அம்பாசடர் செய்த அதே ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ், 1998-லிருந்து நம்ம திருவள்ளூரில் மிட்சுபிஷி லான்சர் செய்தது. அதில் கம்ப்யூட்டர் உண்டு. கோளாறு வந்தால் குறித்து வைத்துக்கொள்ளும், பிறகு ஆற அமரப் படித்துக்கொள்ளலாம். அம்பாசடருக்கு அந்த ஞாபகம் கிடையாது. நின்ற இடத்தில் நாம்தான் பார்த்துக் குறித்துக்கொள்ள வேண்டும்.

ஒயர் மாற்றிய பிறகு ஓடும்போது நிற்பதில்லை. ஆனால் ஜனப்பன்சத்திரத்தில் டீக்கு நிறுத்தினால் மறுபடி எடுக்க முரண்டு பிடிக்கிறது. இது வேறு கேஸ். இன்ஜினை அணைத்ததும் தண்ணீர் ஓட்டம் நின்று, பானெட்டுக்குள் சூடு கொஞ்ச நேரம் ஏறிக்கொண்டுதான் இருக்கும். கார்பரேட்டரில் இருக்கும் பெட்ரோல் கொதித்து மேனிஃபோல்டுக்குள் வழிந்துவிடும். ஆக்சிலேட்டரைத் திரும்பத் திரும்ப மிதித்தால் இன்னும் மூழ்கும். ஒரே மிதியாக அடிவரை அழுத்திப் பிடித்தபடி செல்ஃப் அடிக்க வேண்டும். இதோடு இன்னொன்று: இப்போது பங்க்கில் ஊற்றுவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் வருவதற்கு முந்தைய காலத்து ரப்பர் ஹோஸையும் பம்ப் டயாஃப்ரமையும் அது ஊற வைத்துக் கெடுக்கும். ஹோஸ் முழுவதையும் மாற்றி, கார்பரேட்டருக்கு அடியில் ஒரு தகரத் தடுப்பு வைத்துவிடலாம் என்கிறார் எதிர்வீட்டுக்காரர். சித்தப்பா அடுத்த ஆடிக்குள் முடிக்கச் சொல்லியிருக்கிறார்.