'கோபம்' என்று சொல்லிக் கடந்துபோகாதீர்கள்

கடந்த மாதம் எங்கள் வாசிப்பு வட்டத்தில் புத்தகத்துக்குப் பதிலாக ஒரு இசை ஆல்பத்தைப் போட்டுக் கேட்டோம். சஃபோகேஷன் என்ற நியூயார்க் டெத் மெட்டல் குழு 1991-ல் வெளியிட்ட 'எஃபிஜி ஆஃப் த ஃபர்காட்டன்'. ஒன்பது பாடல்கள், நாற்பது நிமிடத்துக்கும் குறைவு. முடிந்ததும் ஒரு தோழர், "ஒரே இரைச்சல்" என்றார். இன்னொரு தோழர் பரிவோடு பேசினார்: "கறுப்பர்களின் கோபம் தெரிகிறது. ஆனால் இனவெறிக்கு எதிராக ஒரு வரிகூட இல்லையே, நமக்கு இதில் என்ன இருக்கிறது?"

முதல் கருத்தோடு எங்களுக்குச் சண்டை இல்லை. பழகாத காதுக்கு அப்படித்தான் கேட்கும். இரண்டாவது கருத்தோடுதான் சண்டை. ஏனென்றால் அது நம் ஆட்களிடமிருந்து, நல்லெண்ணத்தோடு வருகிறது.

குழுவில் ஐந்து பேர். அவர்களில் முன்னணி கிதார் கலைஞர் டெரன்ஸ் ஹாப்ஸும் டிரம்ஸ் கலைஞர் மைக் ஸ்மித்தும் கறுப்பர்கள். அன்றும் இன்றும் டெத் மெட்டல் மேடைகளில் பெரும்பாலும் வெள்ளையர்களே நிற்கிறார்கள். பாடல்கள் சாவையும் அழிவையும் வஞ்சகத்தையும் பேசுகின்றன, இனவெறியைப் பேசவில்லை. சரி, அப்படியானால் இந்த இருவரும் இந்த ஆல்பத்தில் என்னதான் செய்தார்கள்?

முதல் பாடலான 'லீஜ் ஆஃப் இன்வெராசிட்டி'யை எடுத்துக்கொள்வோம். பல்லவி, சரணம் என்று நாம் பழகிய வீடு இதில் இல்லை. ஒரு கிதார் துணுக்கு வருகிறது, காது அதைப் பிடிப்பதற்குள் வேறொன்றாக மாறுகிறது, வேகமும் அதோடு மாறுகிறது. ஹாப்ஸும் இன்னொரு கிதார் கலைஞரான டக் செரிட்டோவும் தாழ்ந்த சுருதியில், வலது உள்ளங்கையின் ஓரத்தால் தந்திகளை அமுக்கியபடியே அதிவேகமாக மீட்டுகிறார்கள். அமுக்குவது சற்றுத் தளர்ந்தால் ஒலி சிதறும், சற்று இறுகினால் சுரமே செத்துவிடும். இரண்டு பேருடைய கைகளும் ஒரே கைபோல இயங்கினால்தான் அந்த வெட்டு வெட்டாக விழும் ஒலி கிடைக்கும்.

கீழே மைக் ஸ்மித். ஸ்னேர் டிரம்மும் கால் டிரம்மும் இமைக்கும் நேரத்தில் பலமுறை விழும் 'ப்ளாஸ்ட் பீட்' வாசிக்கிறார். அதை வெறும் வேகமாக விட்டுவிடாமல், கிதார் எங்கே திரும்புகிறதோ அங்கே அதற்கு முன்பே போய் நிற்கிறார். இன்றுபோலப் பிசகிய அடிகளைக் கணினியில் இழுத்து நேராக்கும் வழக்கம் 1991-ல் இல்லை. ஃபுளோரிடாவின் மோரிசவுண்ட் ஒலிப்பதிவுக் கூடத்தில், ஸ்காட் பர்ன்ஸின் மேற்பார்வையில், கையும் காலும் எதைச் செய்தனவோ அதுதான் பதிவானது. பாடலின் பின்பகுதியில் எல்லாம் திடீரென்று மெதுவாகி, பாறை உருள்வதுபோல ஒரு கனத்த பகுதி வருகிறது. 'ஸ்லாம்' என்று பின்னாளில் ஒரு தனிக் கிளையே டெத் மெட்டலில் முளைத்தது. அதன் வேரைத் தேடுபவர்கள் அந்தச் சில நொடிகளுக்குத்தான் வந்து சேர்கிறார்கள்.

தோழர்களே, இதற்குப் பெயர் கோபமா?

கோபத்தில் யாரும் டிரம்மை ஓங்கி அடிக்கலாம், பத்து நொடிக்கு. ஒரே கனத்தில், ஒரே துல்லியத்தில், நான்கு பேரோடு சேர்ந்து அரை மணி நேரம் வாசிக்கக் கோபம் போதாது. ஆண்டுக்கணக்கில் பயிற்சி வேண்டும், நினைவாற்றல் வேண்டும், கணக்கு வேண்டும். கறுப்பர்களின் இசையைப் பற்றி வெள்ளைச் சமூகம் நெடுங்காலமாகச் சொல்லிவரும் பாராட்டு ஒன்று உண்டு: 'அவர்களுக்குத் தாளம் இயல்பாகவே வரும்.' கேட்க இனிமையாக இருக்கும். ஆனால் அது உழைப்பையும் அறிவையும் அந்த மனிதரிடமிருந்து பிடுங்கி, உடம்பின் கணக்கில் எழுதிவிடுகிறது. பறை வாசிக்கும் நம் கலைஞர்களைப் பார்த்து 'ரத்தத்திலேயே ஊறியது' என்று சொல்கிறார்களே, அதே பாராட்டுதான். அதை நம்மிடம் சொன்னால் கொதிக்கிறோம். மைக் ஸ்மித்தைப் பற்றி நாமே சொல்லலாமா?

வரலாற்றையும் பாருங்கள். ராக் இசையின் அடித்தளம் கறுப்பர்கள் போட்டது. சிஸ்டர் ரொசெட்டா தார்ப், சக் பெர்ரி, லிட்டில் ரிச்சர்ட் இல்லாமல் ராக் இல்லை. ராக் இல்லாமல் மெட்டல் இல்லை. லெட் செப்பலின் 1969-ல் வெளியிட்ட 'ஹோல் லாட்டா லவ்' பாடலில் தன் வரிகள் இருப்பதாகப் ப்ளூஸ் கலைஞர் வில்லி டிக்சன் வழக்குப் போட வேண்டியிருந்தது. 1987-ல் நீதிமன்றத்துக்கு வெளியே சமரசம் ஆனது. பின்னர்தான் அவர் பெயர் பாடலில் ஏறியது. இப்படிக் கட்டிய வீட்டுக்குள் கறுப்பர்கள் நுழைந்தால், 'உனக்கு இங்கே என்ன வேலை?' என்ற கேள்வி வந்தது. மெட்டல் ரசிகையும் எழுத்தாளருமான கறுப்பினப் பெண் லைனா டாஸ் 2012-ல் வெளியிட்ட தன் நூலுக்கு அந்தக் கேள்வியையே தலைப்பாக வைத்தார். அந்த வீட்டின் நடுக்கூடத்தில் நின்று, இனி இந்த இசையை இப்படித்தான் வாசிக்க வேண்டும் என்று இலக்கணம் எழுதிக் கொடுத்தவர்களில் இருவர் ஹாப்ஸும் ஸ்மித்தும்.

இதற்கு மேல் அவர்களிடம் ஒரு முழக்கத்தையும் கேட்கிறோம் என்றால், தவறு நம்முடையது. வெள்ளை கிதார் கலைஞரிடம் யாரும் 'உன் இனத்தின் வலி எங்கே?' என்று கேட்பதில்லை. அவர் சாவைப் பாடலாம், பேயைப் பாடலாம், ஒன்றுமில்லாததையும் பாடலாம். ஒடுக்கப்பட்டவர் மட்டும் எப்போதும் தன் காயத்தைத் திறந்து காட்டிக்கொண்டே இருக்க வேண்டுமா? அது கலைஞரைச் சாட்சிக் கூண்டில் ஏற்றுவது. போராட்டப் பாடல்கள் வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. அவை மட்டும்தான் கலை என்று சொல்லாதீர்கள் என்கிறோம்.

ஒரு நியாயமான எதிர்க்கேள்வி உண்டு. எக்ஸ்ட்ரீம் மெட்டலுக்குள் நாஜிகளைக் கொண்டாடும் குழுக்களும் இருக்கின்றன. 'வாசிப்பைத்தான் ரசிக்கிறோம்' என்ற சாக்கில் அவர்களுக்கும் கைதட்டலாமா? மாட்டோம். வெறுப்பைப் பரப்புகிறவருக்கு வாசிப்புத் திறன் மன்னிப்புச் சீட்டு ஆகாது. ஆனால் வெறுப்பைப் பரப்பாத ஒரு கலைஞரின் திறனைப் பாராட்டுவதற்கு முன்னால் அவரிடம் அரசியல் அறிக்கை கேட்பது வேறு விஷயம். இரண்டையும் குழப்ப வேண்டாம்.

எனவே மாணவத் தோழர்களிடம் ஒரு வேண்டுகோள். ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு அந்த முதல் பாடலை மூன்று முறை கேளுங்கள். முதல் முறை டிரம்ஸை மட்டும். இரண்டாம் முறை கிதார்களை மட்டும். மூன்றாம் முறை ஃபிராங்க் மல்லனின் அடிவயிற்று உறுமல் இவற்றின்மேல் எங்கே வந்து உட்காருகிறது, எங்கே மூச்சு வாங்குகிறது என்று கேளுங்கள். அதன் பிறகும் பிடிக்கவில்லை என்றால் தாராளமாகச் சொல்லுங்கள். ரசனையில் கட்டாயம் இல்லை. பிடித்திருந்தால், 'என்ன கோபம்!' என்று சொல்லாதீர்கள். 'என்ன வாசிப்பு!' என்று சொல்லுங்கள். அடுத்த கூட்டத்தில் அந்த ஆல்பத்தை மறுபடி போடுகிறோம். அந்த இரண்டு தோழர்களும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.