விமானம் ஆடுகிறதா? கையைத் திட்டாதீர்கள், செட்டிங்கைப் பாருங்கள்!

தருமபுரி மாவட்டத்தில் விமான நிலையம் கிடையாது. விமானம் ஏற வேண்டுமென்றால் தொப்பூர் கணவாயைத் தாண்டி, ஓமலூர் பக்கத்தில் காமலாபுரத்தில் இருக்கும் சேலம் விமான நிலையத்துக்குப் போக வேண்டும். இல்லையென்றால் பெங்களூருதான். ஆனால், ஒரு கம்ப்யூட்டரும் ஜாய்ஸ்டிக்கும் இருந்தால் பாலக்கோட்டிலோ பென்னாகரத்திலோ வீட்டு மேஜையில் உட்கார்ந்தபடியே விமானம் ஓட்டலாம். மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டர், எக்ஸ்-ப்ளேன், இலவசமாகக் கிடைக்கும் ஃப்ளைட்கியர் எனப் பல வழிகள் உண்டு.

சிக்கல் முதல் நாளே வரும். லேசாக இழுத்தால் மூக்கு வானத்தைப் பார்க்கும். பதறிப்போய்த் தள்ளினால் தரையைப் பார்க்கும். ‘எனக்கு பைலட் கை இல்லை’ என்று பைலட் கனவோடு இருக்கும் பிள்ளைகள் சோர்ந்துபோவது இங்கேதான். பெரும்பாலும் தப்பு கையில் இல்லை, சென்ஸிட்டிவிட்டி செட்டிங்கில் இருக்கிறது.

ஏன் இப்படி?

நிஜ செஸ்னா 172 விமானத்தின் யோக், வேகம் கூடக் கூட காற்றின் அழுத்தத்தால் கனமாகும். அந்தக் கனமே பைலட்டின் கையை அடக்கிவைக்கும். மேஜை ஜாய்ஸ்டிக்கில் இருப்பது ஒரு ஸ்பிரிங் மட்டுமே. 60 நாட் வேகமானாலும் 120 நாட் ஆனாலும் அதே இறுக்கம். நகரும் தூரமும் சில சென்டிமீட்டர்தான். அதனால் விரல் அசைந்தாலே விமானம் துள்ளுகிறது.

முதலில் ‘ப்ளே’

விண்டோஸில் கேம் கன்ட்ரோலர் பகுதிக்குப் போய் ஜாய்ஸ்டிக்கை ஒருமுறை காலிபரேட் செய்துவிடுங்கள். பிறகு, கையை எடுத்துவிட்டுத் திரையைப் பாருங்கள். புள்ளி நடுவில் நிற்காமல் நடுங்கினால் ‘டெட் ஸோன்’ தேவை. பழைய லாரி ஸ்டீயரிங்கில் கொஞ்சம் ‘ப்ளே’ இருக்குமே, அதுதான் இது. நடுக்கம் நிற்கும் அளவுக்கு மட்டும், 2, 3 சதவிகிதம் என்று வைத்துப் பாருங்கள். அதிகமானால் கை அசைந்தும் விமானம் அசையாது. பிறகு திடீரெனத் திரும்பும்.

முறுக்கித் திருப்பும் ஜாய்ஸ்டிக் என்றால், பக்கவாட்டில் சாய்க்கும்போது மணிக்கட்டும் சேர்ந்து திரும்பிவிடும். அதனால் ரட்டருக்கு மட்டும் டெட் ஸோன் கொஞ்சம் கூடுதலாக இருக்கட்டும்.

வளைவு எவ்வளவு?

எந்த செட்டிங்கும் மாற்றாதபோது, ஸ்டிக்கைப் பாதி இழுத்தால் எலிவேட்டரும் பாதி நகரும். இந்த நேர்க்கோட்டை வளைத்தால், பாதி இழுத்ததற்குக் கால்வாசி மட்டுமே நகரும்படி செய்யலாம். நடுப்பகுதி மென்மையாகிவிடும். மைக்ரோசாஃப்ட் சிமுலேட்டரில் கன்ட்ரோல்ஸ் பகுதியில் உள்ள சென்ஸிட்டிவிட்டியை மைனஸ் 20 அல்லது 30-ல் வைத்து ஆரம்பிக்கலாம்.

‘அப்படியானால் மைனஸ் 80 வைத்தால் இன்னும் சுகம்தானே?’ என்று தோன்றும். அங்கேதான் கணக்கு இடிக்கும். முதல் பாதியில் கால்வாசிதான் நகர்ந்தது என்றால், மீதி முக்கால்வாசியும் இரண்டாவது பாதிக்குள் அடங்கியாக வேண்டும். தரையிறங்கும்போது வேகம் குறைவு. மூக்கைத் தூக்க நிறைய இழுக்க வேண்டும். அப்போது உங்கள் கை அந்தச் செங்குத்தான பகுதிக்குள் போய்விடும். மேலே சமர்த்தாகப் பறந்த விமானம், ஓடுபாதைக்கு மேல் பந்துபோல எகிறும்.

யோக் வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். ஹனிகோம்ப் ஆல்ஃபா போன்றவை மொத்தம் 180 டிகிரி திரும்பும். சாய்ப்பதற்கு இடம் தாராளம் என்பதால் அதற்கு வளைவு அதிகம் வேண்டாம். முன்னும் பின்னும் நகரும் தூரம் குறைவு என்பதால், அதை மட்டும் தனியாக மென்மையாக்குங்கள்.

ஏர்பஸ் ஏ320 கதை வேறு. நிஜத்திலேயே அதில் ஸ்பிரிங் வைத்த சைடு ஸ்டிக்தான். கம்ப்யூட்டர் நடுவில் நின்று விமானத்தை நிலைப்படுத்துகிறது. அதற்கு நேர்க்கோட்டுக்குப் பக்கத்திலேயே இருந்தால் போதும். 2023 அக்டோபரில் சேலத்தில் மீண்டும் சேவை தொடங்கிய ஏடிஆர் 72 யோக் வகை.

ஒரு டெஸ்ட் டிரைவ்

செஸ்னாவை காமலாபுரத்தில் ஏற்றி, 5,500 அடியில் மேற்கே திருப்புங்கள். மேட்டூர் நீர்த்தேக்கம் தெரிந்ததும் வலப்பக்கம் திரும்பி, காவிரியைப் பிடித்துக்கொண்டே ஒகேனக்கல் வரை போங்கள். ட்ரிம் சரிசெய்துவிட்டு ஸ்டிக்கை விட்டுப் பாருங்கள். விமானம் தானாக நேரே போக வேண்டும். ட்ரிம்மை மறந்துவிட்டு சென்ஸிட்டிவிட்டியைக் குறைசொல்பவர்கள் நிறையப் பேர். திரும்பி வந்து 65 நாட்டில் தரையிறக்குங்கள்.

ஒரு தடவைக்கு ஒரு எண்ணை மட்டும் மாற்றி, மூன்று முறை இறக்கிப் பார்த்து நோட்டில் எழுதுங்கள். இரண்டை ஒன்றாக மாற்றினால் எது உதவியது என்றே தெரியாது.

வீட்டில் ஓட்டிய நேரம் லைசென்ஸ் கணக்கில் சேராது. கமர்ஷியல் பைலட் ஆக நிஜ விமானத்தில் 200 மணி நேரம் பறந்தாக வேண்டும். அந்தச் செலவைப் பற்றி வீட்டில் பேச்சு வரும் முன்பே, ஒரு ஸ்பிரிங்கின் இறுக்கத்தை நம்பி ‘நமக்கு வராது’ என்று பிள்ளை முடிவெடுத்துவிடக் கூடாது. இந்த ஞாயிற்றுக்கிழமை செட்டிங்கைத் திறந்து பாருங்கள். அரை மணி நேர வேலைதான்!