தப்பான செட்டிங் வந்தால் என்ன செய்ய வேண்டும்?

2025 நவம்பர் 18 அன்று, இந்திய நேரப்படி மாலை 5 மணிக்குச் சற்று முன்பு, எக்ஸ் தளமும் சாட்ஜிபிடியும் திடீரென முடங்கின. இவற்றுக்கு முன்னால் காவல் நிற்கும் கிளவுட்ஃபிளேர் நிறுவனத்தில் கோளாறு. யாரோ தாக்குகிறார்கள் என்றுதான் முதலில் அங்கே சந்தேகப்பட்டார்கள். கடைசியில் பார்த்தால், அவர்களுடைய சொந்த செட்டிங் கோப்பு ஒன்றே இரண்டு மடங்காகப் பெருத்திருந்தது. 200 அம்சங்களுக்கு மேல் ஏற்காத மென்பொருள், அளவு மீறியதும் நொறுங்கிவிட்டது.

அங்கே ஓடிக்கொண்டிருந்த அதே மென்பொருளின் பழைய பதிப்பு நொறுங்கவில்லை. வருவது மனிதரா, தானியங்கி நிரலா என்று மதிப்பெண் போடுவது அதன் வேலை. அது எல்லோருக்கும் பூஜ்ஜியம் போட்டுவிட்டுச் சும்மா இருந்தது. அதனால், தானியங்கிகளைத் தடுக்கச் சொல்லியிருந்த தளங்களில் நிஜ மனிதர்களும் தடுக்கப்பட்டார்கள்.

ஒன்று விழுந்தது, இன்னொன்று மழுப்பியது. இரண்டுமே தவறு. புதிய செட்டிங் சரியில்லை என்றால் அதை ஏற்காமல், கடைசியாகச் சரியாக ஓடிய செட்டிங்கோடு வேலையைத் தொடர்ந்து, எந்த வரியில் என்ன பிழை என்பதை உரியவருக்குச் சொல்ல வேண்டும்.

இது நடக்காத காரியம் அல்ல. என்ஜின்எக்ஸ் சர்வரில் பிழையான கோப்பைக் கொடுத்து ரீலோட் செய்தால், அது பிழையைப் பதிவுசெய்துவிட்டுப் பழைய செட்டிங்கிலேயே ஓடும். விண்டோஸில் திரையின் ரெசல்யூஷனை மாற்றினால், 'இப்படியே வைத்துக்கொள்ளலாமா?' என்று கேட்கும். திரை இருண்டுபோய் பதில் சொல்ல முடியாவிட்டாலும், சில விநாடிகளில் தானாகவே பழைய நிலைக்குத் திரும்பிவிடும்.

முன்கூட்டியே சோதித்தால் போதாதா என்று கேட்கலாம். 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்டிரைக் என்ற கணினிப் பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய கோப்பையும் ஒரு சோதனை நிரல் பார்த்தது. அந்த நிரலிலேயே பிழை இருந்ததால் கோப்பு தேறிவிட்டது. 20 தகவல்கள் வந்த இடத்தில் 21-வதைத் தேடிப்போய், சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் நீலத்திரையில் நின்றன. ஆகவே, கோப்பை வாங்கி ஓட்டும் இடத்திலும் தற்காப்பு தேவை.

விதிவிலக்கும் உண்டு. முதன்முறை இயங்கும் ஃபயர்வாலுக்குத் திரும்பிப்போகப் பழைய செட்டிங் கிடையாது. அது கதவைத் திறந்துபோட்டுவிட்டு ஓடுவதைவிட, காரணத்தைச் சொல்லிவிட்டு நிற்பதே மேல்.

வங்கிகளும் அரசுத் துறைகளும் மென்பொருள் வாங்கும்போது இந்தத் தற்காப்பை டெண்டரிலேயே நிபந்தனையாக்கலாம். சரியான தகவலைக் கொடுத்து ஓட்டிக்காட்டுவதோடு விடாமல், வேண்டுமென்றே பிழையான செட்டிங்கைக் கொடுத்தும் ஓட்டிக்காட்டச் சொல்ல வேண்டும்.