முதுகெலும்பு முறிந்த பின்



மிளகுக்கொடி படர்ந்த சில்வர் ஓக் மரங்களும் பலா மரங்களும் கொல்லிமலைக் குடும்பங்களுக்குச் சோறிடுகின்றன. அம்மரங்களிலிருந்தே சிலர் விழுந்தும் விடுகின்றனர். முதுகெலும்பு முறிந்து கிடப்பவரின் வீட்டார் கேட்கும் வினா ஒன்றே: “அறுவை செய்தால் எழுந்து நடப்பாரா?” விடை தெளியாமையால் நிலத்தை விற்று ஏமாந்தோரும் உளர்; வீண் செலவென்று அஞ்சி, பெற்றிருக்க வேண்டிய மருத்துவத்தை இழந்தோரும் உளர். ஆகவே இம்மாதம் இதனைச் சிறிது ஆராய்வோம்.

முதுகெலும்பு என்பது ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்ட முள்ளெலும்புகளின் தூண். மூளையிலிருந்து இறங்கும் தண்டுவடம் அத்தூணின் உட்புழையில் செல்கிறது. எலும்பு முறிவது வேறு, தண்டுவடம் சிதைவது வேறு. முறிந்த எலும்பு கூடும். சிதைந்த தண்டுவடத்தை மீண்டும் வளர்க்கும் மருத்துவமோ இன்றளவும் கைகூடவில்லை. இவ்வேறுபாட்டை உணர்ந்தால் பாதிக் குழப்பம் தீரும்.

முறிவு நிலையாக இருந்து, கால்களில் உணர்வும் அசைவும் குன்றாதிருப்பின், பலருக்கு அறுவையே வேண்டுவதில்லை. வலி தணிக்கும் மருந்து, சில வாரங்கள் முதுகுப்பட்டை, பின்னர் பயிற்சி ஆகியவை போதும். எலும்புகள் நிலைகுலைந்து நழுவியிருப்பின், திருகாணிகளையும் உலோகத் தண்டுகளையும் பொருத்தி அவற்றை நிறுத்துவர். நொறுங்கிய முள்ளெலும்பின் இடத்தில் இடுப்பெலும்புத் துண்டையோ உலோகக் கூட்டையோ வைப்பதும் உண்டு. வைத்த எலும்பு ஒட்டி இறுகப் பல மாதங்கள் ஆகும். தண்டுவடத்தை எலும்புத் துண்டு அழுத்தினால் அதனை அகற்றுவர். சிறிதேனும் உணர்வு எஞ்சியோருக்கு மீட்சியின் வாய்ப்பு மிகுதி. காலத்தாழ்வு அவர்களுக்குக் கேடு. உணர்வு முற்றும் அற்றவருக்கும் அறுவை வீணன்று. நிமிர்ந்து உட்காரவும், விரைவில் பயிற்சி தொடங்கவும் அது துணைசெய்யும்.

விழாமலேயே முள்ளெலும்பு அரிக்கப்படுவதும் உண்டு. அது காசநோயின் வேலை. நீங்காத முதுகுவலியுடன் மாலைக் காய்ச்சலும் உடல் மெலிவும் சேர்ந்தால் ஐயுறவேண்டும். சென்னைக் காசநோய் ஆராய்ச்சி மையத்தில் 1970-களில் தொடங்கிய ஆய்வில், கால்கள் செயலிழக்காத நோயாளரைப் பத்தாண்டுகள் கழித்துப் பார்த்தனர். மருந்து மட்டும் உண்டோர், அறுவையும் செய்துகொண்டோருக்குக் குறையாத நலம் பெற்றிருந்தனர். கால்கள் தளர்ந்தோருக்கும் கூன் வளரும் சிறுவருக்குமே பெரும்பாலும் அறுவை தேவையாகிறது.

இனி, விழுந்த நாழிகையைப் பற்றி ஒரு சொல். விழுந்தவரைக் கைகால் பிடித்துத் தூக்காதீர்கள். துணித்தூளியில் வளைத்தோ, மோட்டார் சைக்கிளில் இருவர் நடுவே உட்காரவைத்தோ கொண்டுசெல்லாதீர்கள். எழுபது கொண்டை ஊசி வளைவுகளில் அவ்வாறு இறங்கினால், தப்பியிருந்த தண்டுவடமும் சிதையக்கூடும். 108-ஐ அழையுங்கள். வண்டி வரஇயலாத இடமாயின், நால்வர் சேர்ந்து, தலையும் கழுத்தும் முதுகும் ஒரே கோட்டில் நிற்க, உடலை மரக்கட்டைபோல் புரட்டிப் பலகையில் கிடத்திச் சுமந்து வாருங்கள்.

நடக்க இயலாதென்று மருத்துவர் கூறிவிட்டால் எல்லாம் முடிந்ததா? இம்மலையில் மருத்துவத் தொண்டாற்றிய ஜெஸ்ஸி பிராண்ட், ஈவ்லின் தம்பதியரின் மகன் பால் பிராண்ட். 1914-இல் பிறந்து இங்கேயே குழந்தைப் பருவத்தைக் கழித்த அவர், வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் அறுவை மருத்துவரானார். அங்கே பணியாற்றிய இளம் மருத்துவர் மேரி வர்கீஸ் 1954-இல் கார் விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்தார். முதுகில் செய்த அறுவைகள் அவருக்குக் கால்களைத் திருப்பித் தரவில்லை. ஆனால் கைகள் இருந்தன. பிராண்ட் ஊக்கமளிக்க, சக்கர நாற்காலியில் அமர்ந்தே தொழுநோயாளரின் மடங்கிய கைகளுக்கு அவர் அறுவை செய்தார். 1966-இல் வேலூரில் திறக்கப்பட்ட மறுவாழ்வு நிலையம் அவருடைய உழைப்பின் கனி. முதுகுடைந்தோர் பலர் வாழக் கற்றுக்கொண்டது அங்கேதான். 1972-இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது.

அறுவை முடிந்தபின் வீட்டாரின் பணி தொடங்குகிறது. படுத்திருப்பவரை இரண்டு மணிக்கு ஒருமுறை புரட்டுதல், புண் காணாமல் தோலைக் காத்தல், சிறுநீர்க் குழாயைத் தூய்மையாகப் பேணுதல் ஆகியவற்றில் தவறினால் சிறந்த அறுவையும் பயனற்றுப் போகும். ஆகவே நிலத்தை விற்குமுன் மருத்துவரை மூன்று கேளுங்கள்: தண்டுவடத்தில் உணர்வு எஞ்சியுள்ளதா? இவ்வறுவையால் இவருக்கு எது கிட்டும், எது கிட்டாது? அரசுக் காப்பீட்டில் இது அடங்குமா? செலவழிக்கும் பணத்தில் ஒரு பகுதியைச் சக்கர நாற்காலிக்கும் பயிற்சிக்கும் ஒதுக்கி வையுங்கள். “நடப்பாரா?” என்று கேட்கும் நாம், “இவர் நம்மோடு எவ்வாறு வாழ்வார்?” என்றும் கேட்கக் கற்போமாக.